ஆற்றுக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது

மருதையாற்றைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கி, பெரம்பலூர் தாண்டி, அரியலூர்ப் பக்கமாக வந்து கொள்ளிடத்தில் சேரும் வரைக்கும் எங்கே தடுப்பணை கட்டலாம், எங்கே கரையை உயர்த்தலாம், எங்கே புதரை அகற்றலாம் என்று அறிக்கை தர வேண்டும். அந்த வேலையை எடுத்திருந்த தனியார் ஆபீஸில் நான் ஒப்பந்தத்தில் இருந்தேன். அளவெடுப்பதையும் படம் வரைவதையும் என்ஜினீயர்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது ‘பொதுமக்கள் மற்றும் பழங்குடியினர் பங்கேற்புத் திட்டம்’. எந்த ஊரில், எந்த நாளில், யாரைக் கூப்பிட்டு, என்ன கேட்பது என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

மேசையில் உட்கார்ந்து எழுதியபோது சுலபமாகத்தான் இருந்தது. மலை மக்களுக்கு ஒரு கூட்டம், நடுவில் ஒன்று, கடைசியில் கீழ்ப் பகுதிக்கு ஒன்று. மலைக் கூட்டம் நன்றாகவே நடந்தது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி முடிகிற வாரமாகப் பார்த்து அவர்களே நாள் குறித்துக் கொடுத்தார்கள். என்னைவிடத் தயாராக வந்திருந்தார்கள்.

கீழ்ப் பகுதிக்கு என் சொந்த ஊரையே தேர்ந்தெடுத்தேன். அங்கே ஆற்றை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குக் கரும்பும் நெல்லும் உண்டு. பெரியப்பா சொன்னால் ஊர் திரளும். சமுதாயக் கூடம், நாற்காலி, மைக் எல்லாவற்றையும் அவரே ஏற்பாடு செய்துவிட்டார். ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி, ஆற்றோரம் இருளர் குடியிருப்பு இருக்கிறது. அங்கேயும் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தேன்.

கூட்டம் தொடங்கிய பிறகு அங்கிருந்து நான்கு பேர் வந்தார்கள். மூன்று பெண்கள், வயதான ஒருவர். வாசலிலேயே நின்றார்கள். முன்னால் நின்ற பெண்ணுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். புடவைமேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார்.

“எங்கங்க உக்காரட்டும்?” என்று பொதுவாகக் கேட்டார்.

பெரியப்பா மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, “அங்கயே மரத்தடியில உக்காருங்கம்மா, காத்தாடும். சத்தம் கேக்கும்ல?” என்றார். குரலில் கடுமையே இல்லை. கடைசி இரண்டு வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன.

நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குனிந்து கையெழுத்து வாங்கினேன். ‘பழங்குடியினர்’ என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆற்றுக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவையை மெஷின் வைத்து மொத்தமாக எடுக்க வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். ‘ஒருமனதாக’ என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸில் அறிக்கைப் படிவத்தை நிரப்பும்போதுதான் கை நின்றது. ‘பழங்குடியினர் தெரிவித்த கருத்துகள்’ என்று ஒரு பத்தி. எனக்கு எழுத ஒன்றுமில்லை. அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னமோ ஒன்றை எழுதி நிரப்பியிருக்கலாம், அப்படி நிரப்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எழுதப் போனால் அந்தக் காலி நாற்காலிகள்தான் கண்ணில் நின்றன. மதியமே வண்டியை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன்.

அந்தப் பெண் வீட்டுக்குப் பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“என்ன, இன்னொரு கையெழுத்தா?”

“இல்லக்கா. நேத்து உங்ககிட்ட ஒண்ணுமே கேக்கல. அதான் வந்தேன்.”

அவர் கோடரியை ஓரமாக வைத்தார். “நேத்து சேரு காலியாத்தான் கெடந்திச்சு. நீங்களும் பாத்தீங்க. ஏன் ஒண்ணும் சொல்லல?”

“பெரியப்பா பேசுனதால...” என்று ஆரம்பித்தேன். அது பதிலில்லை என்று எனக்கே தெரிந்தது. “சொல்லியிருக்கணும்க்கா. பயந்துட்டேன்.”

“சொந்த பெரியப்பாவுக்கு நீங்களே பயந்தா, நாங்க என்ன பண்றது?” என்றார். அதில் கோபமோ கேலியோ இல்லை. விவரம் கேட்பது போலத்தான் கேட்டார்.

பிறகு அவராகவே கருவைப் பேச்சை எடுத்தார். அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் கோடை முழுக்க அவர்கள் பிழைப்பு.

“மெசினு வந்தா நாலு நாளு வேல. அப்புறம் நாங்க எங்க போறது?”

“மரம் அடைச்சுக்கிட்டு இருந்தா வெள்ளத்துல தண்ணி கரையேறி வயலுக்கு வருதுக்கா. அதுவும் நெசந்தான?”

“எடுக்க வேணாம்னு நான் சொல்லலையே. நாங்க எடுக்குறோம். மெசினு பொரட்டிப் போட்டுட்டுப் போயிடும். உள்ள நிக்கிற வேரும் வெதையும் அடுத்த மழைக்குத் தளுத்துக்கும். நாங்க வேரத் தோண்டித்தான் எடுப்போம், வேருலதான் நல்ல கரி வரும். ஒரு கோடைக்கு ஒரு துண்டுன்னு எங்களுக்கு வுடச் சொல்லுங்க.”

“இத ஒரு கூட்டத்துல வந்து சொல்றீங்களா?”

“அந்த மண்டபத்துக்கு வரமாட்டோம். நீங்க இங்க வாங்க. அவரையும் கூட்டியாங்க.”

பெரியப்பா மோட்டார் கொட்டகையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அவங்க எடத்துக்கு நான் போவணுமா? என்ன பாப்பா பேசுற?”

“அன்னைக்கு அவங்கள வெளியில உக்கார வச்சது தப்பு பெரியப்பா. நான் பாத்துக்கிட்டு சும்மா இருந்தது அதைவிடத் தப்பு.”

“காத்தாடும்னுதான சொன்னேன்?”

“உள்ள ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சே.”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சிறு வயதிலிருந்து என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெற மனம் வரவில்லை.

பெரியப்பா கடைசியில் இறங்கி வந்ததற்குக் காரணம் நான் அவரிடம் பேசியது இல்லை. எங்கள் மேட்டு வயலில் முன்பு மெஷின் விட்டு எடுத்த கருவை, பழையபடி முளைத்து நின்றது. வேரைப் பற்றி அந்தப் பெண் சொன்னதை நான் பெரியம்மாவிடம் சொல்லியிருந்தேன். அது அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு காலை, வேறு இரண்டு விவசாயிகளோடு குடியிருப்புக்கு வந்து நின்றார். பாய் விரித்திருந்தார்கள். பெரியப்பா உட்காரவில்லை. வண்டியில் சாய்ந்து நின்றபடியே முழுக் கூட்டத்தையும் முடித்தார்.

“வெள்ளம் ஏறுற எடத்த மொதல்ல எடுப்பீங்களா?”

“எங்கன்னு காட்டுங்க ஐயா” என்றார் அந்தப் பெண்.

எல்லோருமாக ஆற்றுக்குள் இறங்கி நடந்தோம். பெரியப்பா ஒரு வளைவைக் காட்டினார். அதற்குக் கீழே மடுவில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், மீன் இருக்கும், அந்த ஓரத்தை மட்டும் கடைசியில் எடுக்கிறோம் என்றார் அந்தப் பெண். கொஞ்ச நேரம் வாதாடினார்கள். பெரியப்பா ஒத்துக்கொண்டார்.

நான் திட்டத்தைத் திருத்தி எழுதினேன். ஆற்றோர மக்களுக்கு அவர்கள் இடத்திலேயே தனிக் கூட்டம், பொதுக் கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் உள்ளேதான் இருக்கை. எங்கள் என்ஜினீயர் படித்துவிட்டு, “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்றார். “எழுதாம விட்டதாலதான் நடக்கல சார்” என்றேன். அந்த வரிகளை அவர் அடித்துவிடவில்லை.

அறிக்கை வரைவை எடுத்துக்கொண்டு போய் குடியிருப்பில் வாசித்துக் காட்டினேன். ‘கருவை அகற்றும் பணியை இருளர் குடும்பங்களுக்கு வழங்குவது குறித்துப் பரிசீலிக்கலாம்’ என்று இருந்தது.

“பரிசீலிக்கலாம்னா? குடுப்பாங்களா, மாட்டாங்களா?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“குடுக்கலாம். குடுக்காமலும் போவலாம்.”

“அப்ப அத எடுத்துட்டு, குடுக்கணும்னு எழுதுங்க.”

எழுதினேன். மேலே போய் வந்தபோது அது ‘முன்னுரிமை தர வேண்டும்’ என்று மாறியிருந்தது. கேட்டதில் பாதிதான். அதைச் சொல்ல மறுபடி அவரிடம் போனேன். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சரி, இருக்கட்டும்” என்றார்.

போன கோடையில் முதல் துண்டு அவர்களுக்குக் கிடைத்தது. மற்றவற்றுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. ஒரு நாள் பார்க்கப் போனேன். வளைவில் குழி குழியாகத் தோண்டியிருந்தார்கள். வேர்கள் கரையில் குவிந்து கிடந்தன. பெரியப்பா கரும்புக் கொல்லையின் வரப்பில் நின்றுகொண்டு, “அந்த ஓரத்துல ஒண்ணு வுட்டுப்போச்சு பாரும்மா” என்று கத்தினார்.

“பாத்தாச்சுங்க. நாளைக்கு எடுத்துடுவோம்” என்று குழிக்குள்ளிருந்து அந்தப் பெண் திருப்பிக் கத்தினார்.