பொட்டு அழிந்த தோட்டாக்கள்

கோயிலில் கதினா வெடி போட்டால் என் வீட்டுக்காரர் ரெத்தினதாஸ் காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். பதினேழு வருடம் பட்டாளத்து ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுதுபார்த்த மனிதர்! பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும், காரணம் தெரியுமே.

ஓய்வு பெற்றுப் பெருங்கடவிளைக்கு வந்த பிறகு அவருக்கு வேலை கொடுத்தவர் வெள்ளறடை பொன்னப்பன் முதலாளி. ரப்பரும் மரச்சீனிக் கிழங்குமாக மலையோரத்தில் பெரிய தோட்டம், பன்றித் தொல்லை. முதலாளியிடம் லைசென்ஸோடு இரண்டு துப்பாக்கி உண்டு. ஒன்று நீளக் குழல் கார்பைன், மற்றது இடுப்பில் வைக்கிற பழைய ரிவால்வர். இரண்டுக்கும் ஒரே தோட்டாதான். லைசென்ஸுக்குக் கிடைக்கிற கடைத் தோட்டா போதாமல், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். இவர் பின்னறையில் உட்கார்ந்து மருந்தும் ஈயக் குண்டும் வைத்துத் திரும்ப நிறைத்துக் கொடுப்பார். சட்டப்படி அது குற்றம். கேட்டால், "ஊருக்கு உபகாரமாக்கும்" என்பார்.

கார்பைனுக்கு நிறைக்கும்போது மருந்தைக் கூட்டிப் போடுவார். பன்றி ஒரே வெடியில் விழவேண்டுமாம். கார்பைன் தாங்கும், அந்தக் கிழட்டு ரிவால்வர் தாங்காது. வெளியே பார்த்தால் எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோல இருக்கும். மாறிவிடாமலிருக்க என் கியூட்டெக்ஸ் குப்பியை எடுத்து, கார்பைன் தோட்டாவின் அடியில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு வைப்பார்; பொட்டு இல்லாததைத்தான் முதலாளி ரிவால்வரில் போடுவார். நான் நகத்துக்கு இட்டதைவிட அவர் தோட்டாவுக்கு இட்டதுதான் அதிகம்.

1994இல் பூஜைவைப்பு சமயம்; புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜையறையில் வைத்து, விஜயதசமியன்று காலையில் எடுக்கிற சரஸ்வதி பூஜை. நவமியன்று சாயங்காலம் இவர் முதலாளி வீட்டுக்குக் கும்பிடப் போனார். பூஜையறையில் குத்துவிளக்கும் பித்தளைக் கிண்டியும் உருளியும் பளபளவென்று இருந்தன. பக்கத்தில் இரண்டு துப்பாக்கிகள். தாம்பாளத்தில் கடையில் வாங்கியதும் இவர் நிறைத்ததும் கலந்து, நிறுத்தியும் படுக்கவைத்தும் தோட்டாக்கள், அவையும் பளபள. குனிந்து அடியைப் பார்த்தார். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை.

"நல்லா இருக்குல்லா தாசு?" என்றாராம் முதலாளியின் மனைவி விஜயம்மா. "வெளக்கு தேய்ச்ச புளி மிச்சம் இருந்துது. செங்கப்பொடியும் சேத்து ஒண்ணொண்ணா தேய்ச்சேனாக்கும். அடியில செவப்பா என்னமோ அழுக்கு, லேசுல போகல்ல."

இவர் தாம்பாளத்துக்குக் கை நீட்டினார். "அக்கா, இத நான் கொண்டுபோயிட்டு வாறேன்."

"அய்யோ, பூஜைக்கு வச்சதத் தொடப்பிடாது. நாளைக்குக் காலத்த எடுத்தப்பொறவு கொண்டு போ."

பூஜை எடுத்ததும் பிள்ளைகள் அரிசியில் எழுதுவார்கள், டிரைவர் ஜீப்பைக் கொஞ்ச தூரம் ஓட்டுவார், முதலாளி ரிவால்வரை நிறைத்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அந்த வீட்டில் வருடா வருடம் வழக்கம். இவருக்கும் அது நன்றாகத் தெரியும். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் முன்னறையில் விருந்தாளிகள் நடுவே இருந்த முதலாளி இவரைக் கண்டதும், "நம்ம தாசு நெறச்சா கம்பெனிக்காரன் தோத்துப்போவான்" என்று புகழ்ந்தாராம். மனிதர் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார்.

"இப்பவே திரும்பிப் போங்க! அவருக்குக் கையி போயிரும்!" என்று கத்தினேன்.

"எட்டு மணிக்காக்கும் பூஜ எடுப்பாங்க. நான் மொத பஸ்ஸுக்கே போயிருவேன். நாலு பேரு முன்ன சொல்லச் சொல்லுதியா?"

"மானம் போனா போட்டும், போங்க!"

போகவில்லை. நான் மட்டும் என்ன, பிடித்துத் தள்ளினேனா? திட்டிக்கொண்டே சோற்றைப் போட்டேன்.

முதல் பஸ்ஸில் போனார். அந்த வருடம் ஏழரைக்கே பூஜை எடுத்துவிட்டார்கள். தோட்டத்துப் பாதையில் ஏறும்போதே வெடிச் சத்தம், பின்னாலேயே விஜயம்மாவின் அலறல். ரிவால்வரின் உருளை பிளந்து முதலாளியின் வலது கையில் மூன்று விரல் போயிற்று. இவர்தான் துண்டால் கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றினாராம்.

அதன் பிறகு பின்னறையைப் பூட்டிவிட்டார். சோறு பிசையும்போது கை நின்றுவிடும், விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நட்டநடுப் பகலில், குளித்துக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, "ஷியாமளா, அந்தச் சத்தம் நம்ம மருந்தாக்கும். எனக்குத் தெரியாதா?" என்பார். மனிதர் அந்த வெடிக்குள்ளேயே இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீ பயப்படாண்டாம் தாசு. போலீசுக்கிட்ட கடைத் தோட்டான்னுதான் சொன்னேன். உள்ளதும் அதாக்கும். நீ நெறச்சதுன்னா இப்பிடி வருமா?"

இவர் வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

"ஆமா முதலாளி" என்றார்.

முதலாளி இடது கையால் தட்டுத்தடுமாறி ஒரு பொதியை அவிழ்த்தார். உள்ளே வெறும் பித்தளைக் கூடுகள். "கார்பைனுக்கு. எடது கையால சுட்டுப் படிக்கேன். கடைத் தோட்டாவ இனி நம்ப முடியாது. நீதான் நெறச்சுத் தரணும் மக்கா."

இவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.