தட்டிப் பார்த்த கல்முட்டை

எங்கள் கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிறது என் வேலை. இரண்டு முட்டையை லேசாக ஒன்றோடொன்று தட்டினால் போதும், நல்லது ஒரு மாதிரி பேசும், கீறல் விட்டது ஒரு மாதிரி பேசும். போன தை மாதம் ஒரு லோடில் கீறல் முட்டை நிறையப் போய்விட்டது. "இனி நீங்க முட்டை ரூமுக்கு வர வேண்டாங்க அத்தை, ஊட்டுலயே இருங்க" என்றாள் மருமகள். அதற்கப்புறம் அவளோடு நான் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

என் மனதைத் தேற்றத்தானோ என்னவோ, ஒரு நாள் காரில் ஏற்றி, அரியலூர்ப் பக்கம் டைனோசர் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். நாங்கள் இருவர் மட்டும்.

உள்ளே நீல வெளிச்சம். ஒரு காலத்தில் இந்த மண்ணெல்லாம் கடலாம். பலகையில் 'கடல்' என்று நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். வண்டிச் சக்கரம் பெரிசுக்குக் கல்லாகிப்போன நத்தைகள். நடக்க நடக்கச் சேலையில் தண்ணீர் ஏறுவதுபோல இருந்தது. கால் தரையில் பாவவில்லை. தலைக்கு மேலே மீன்கள் போவதாக நினைத்துக் கொஞ்சம் குனிந்துகூட நடந்தேன்.

கடைசி அறையில் கல்லாகிப்போன டைனோசர் முட்டைகள், உரித்த தேங்காய் அளவில். அந்தத் தாய் எத்தனை நாள் அடைகாத்ததோ, எந்த மழைக்கு எழுந்து போனதோ. ஒன்றும் பொரிக்கவில்லை.

"எல்லாமே கூமுட்டைங்களா சாமி?" என்று அங்கே நின்ற காவலாளியைக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்படியும் சொல்லலாம் ஆயா. அந்த மேசையில இருக்கறத எடுத்தே பாருங்க."

மேசையில் மூன்று இருந்தன. மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டினேன். இரண்டு கல்லாகப் பேசின. மூன்றாவது வாய்க்குள்ளேயே முனகியது.

"இது அச்சுல வார்த்ததுங்க" என்றேன்.

"ஆமா ஆயா, அது மட்டும் பொம்மைதான். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க அத்தை, தலைய எதுக்கு அப்பிடிச் சாச்சீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இடது காது போச்சு அம்மிணி. வலதுலதான் கேக்குது."

"முட்டை ரூம்ல உங்க வலது பக்கந்தானுங்களே தையில வெச்ச பெரிய ஃபேன் எரைச்சலா ஓடுது. எத்தன நாளா இப்பிடி?"

"வருசமாச்சு."

"ஒரு வார்த்த சொன்னா என்னங்க?" அது கோபமா அழுகையா, எனக்குத் தெரியவில்லை. "நாளைக்கு முட்டை ரூமுக்கு வாங்க. உங்க எடத்த எதிர்ப்பக்கம் மாத்திடறேன்" என்றாள்.

"நான் எடம் மாற மாட்டேன். ஃபேனத் தூக்கி அந்தப் பக்கம் வையி" என்றேன்.