மதர் கையெழுத்து

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பம்புக்குத் தண்ணீர் ஊற்றியது. 1967 ஜூன், ஒரு சனிக்கிழமை. கிணற்றுக்குள் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வின் தோல் தேய்ந்து, குழாயில் தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. அம்புஜம் புதுத் தோல் வெட்டி மாட்டினாள். அம்மா பங்காரம்மா குடம் குடமாக ஊற்றினாள்.

"நின்னுருச்சும்மா. மோட்டாரைப் போடலாம்."

"இரு கண்ணு. நிக்கற மாதிரி காட்டிப்போட்டு எறங்கும். எனக்குத் தெரியாதா?"

பத்து நிமிடம் குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் இறங்கவில்லை. அதற்கப்புறமும் அவளுக்கு முழு நம்பிக்கை இல்லை, வேண்டாவெறுப்பாகத்தான் தலையாட்டினாள். மோட்டார் ஓடியது. மறுநாள் காலை காப்பிக்கு அடுப்புப் பற்ற வைக்கும்போது மார்வலி என்று உட்கார்ந்தவள் எழவில்லை. வயது ஐம்பத்திரண்டு.

அன்னூர்ப் பக்கம் நாலு ஏக்கர் பருத்திக்காடு. கணவன் சீனிவாசலு இறந்த வருடத்திலேயே, பங்காளி ஒருவன் நீட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தாள். ஐந்து ஏக்கர் நாலானது அப்படித்தான். அன்றிலிருந்து அவள் எதையும் நம்பியதில்லை. விதை மூட்டையில் மேல் விதையைப் பார்க்க மாட்டாள். கை விட்டு அடி விதையை எடுப்பாள். பஸ்ஸில் ஏறும் முன் டயரைப் பார்ப்பாள். மகள் படிக்க வேண்டும் என்று நினைத்ததும் நம்பிக்கையால் அல்ல; காகிதம் நீட்டுகிற கைகள் மேலிருந்த சந்தேகத்தால்.

அம்புஜத்துக்குக் கணக்கும் விஞ்ஞானமும் வந்தன. கோயமுத்தூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய கல்லூரியில் இடம் கிடைத்தது. 1958. ஊரில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: வேதத்தில் சேர்த்துக் கிறிஸ்தவளாக்கிவிடுவார்கள், மொட்டையடித்துச் சிஸ்டராக்கிவிடுவார்கள். பங்காரம்மாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. கல்லூரி கொடுத்த புத்தகத்தை மகளைப் படித்துச் சொல்லச் சொன்னாள். முதல் பக்கத்தில் கல்லூரியின் நோக்கம் இருந்தது. அம்புஜம் தமிழில் சொன்னாள்: "ஒவ்வொரு மாணவியையும் அறிவிலும் ஒழுக்கத்திலும் முழு மனுசியா உருவாக்கறது."

"உருவாக்கறதா? பத்து மாசம் நான் என்ன செஞ்சேனாம்?"

இருந்தும் சேர்த்தாள். சேர்த்துவிட்டுக் காவல் இருந்தாள். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, மகளின் நெற்றியில் பொட்டு இருக்கிறதா, கழுத்தில் புதுச் சங்கிலி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான், சாப்பிட்டாயா என்பாள்.

ஆடி நோன்புக்கு மகளைக் கூட்டிப்போக வந்தபோது கல்லூரி விடுதி வாசலில் காவலாளி காளிச்சாமி மறித்தார். அம்புஜம் பெட்டியோடு உள்பக்கம் நின்றிருந்தாள்.

"ஏனுங்கம்மா, மதர் கையெழுத்து இல்லாம புள்ளைய வெளிய உட முடியாதுங்க."

"சீட்டைக் குடு. கையெழுத்துப் போடப் படிச்சுட்டேன்."

"நீங்க இல்லீங்க. மதருங்க."

"நான்தான் மதர்."

"அய்யோ, அது இல்லீங்கம்மா. உள்ள இருக்கற மதருங்க."

"பெத்தவ வெளிய நிக்கறேன். பெறாதவ உள்ள மதரா? நல்லா இருக்குதே உங்க நாயம்!"

பெட்டியோடு நின்ற அம்புஜத்துக்கு மண் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பங்காரம்மா காளிச்சாமியை ஒதுக்கிக்கொண்டு நேரே மதரின் அறைக்குப் போனாள். கல்லூரிக்குத் தலைவியான அந்த மதர் மங்களூர்க்காரர், தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றவர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். பங்காரம்மா உட்காரவில்லை.

"என்ற புள்ளைய சிஸ்டராக்கப் போறீங்களா? ஆமா இல்லைன்னு ஒண்ணு சொல்லுங்க."

"அதை அவளிடம் அல்லவா கேட்க வேண்டும், அம்மா?"

"அவளுக்கென்ன தெரியும்?"

"தெரிய வேண்டும் என்றுதான் கற்பிக்கிறோம்."

திரும்பும் பஸ்ஸில் பங்காரம்மா சொன்னாள்: "நல்லாப் பேசறாங்க. என்னையக் காகிதத்துல கைநாட்டு வெக்கச் சொன்னவனும் நல்லாத்தான் பேசுனான்."

கிறிஸ்தவப் பெண்கள் ஞானோபதேசத்துக்குப் போகும் மணியில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அங்கே என்ன நடக்கிறது என்று விடுமுறைக்கு வரும்போதெல்லாம் விசாரணை நடக்கும். ஒரு தடவை அம்புஜம் தன் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். தலைப்பு: கீழ்ப்படியக் கூடாத ஓர் உத்தரவு.

பங்காரம்மா அடுத்த மாதம் மறுபடி மதரின் அறைக்குப் போனாள். "எந்த உத்தரவக் கேக்கப்படாதுன்னு சொல்லிக் குடுக்கறீங்களாமா. அதுல உங்க உத்தரவும் சேத்திங்களா?"

மதர் சிரிக்கவில்லை. "சேர்த்துத்தான்."

"என்ற உத்தரவு?"

மதர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பங்காரம்மா வீடு வரைக்கும் சுமந்து வந்தாள். மதர் சொன்ன பதிலைக் காட்டிலும் சொல்லாத பதில்தான் அவளை அரித்தது.

காரணம் இருந்தது. அவளுடைய கடைசித் தம்பி சென்னகேசவனுக்குத்தான் அம்புஜம் என்று, குழந்தை பிறந்த பதினாறாம் நாளே பேசி வைத்திருந்தார்கள். 1962இல் பி.எஸ்ஸி. முடித்து வந்தவளிடம் முகூர்த்தம் பார்க்கலாம் என்றாள் பங்காரம்மா.

"வேண்டாம்மா. மாமாவைக் கட்டிக்க மாட்டேன். மில்லு லேப்ல நூல் பரிசோதிக்கற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கறேன்."

பங்காரம்மா மகளின் கழுத்தைப் பார்த்தாள். "சிஸ்டராகப் போறியா?"

"இல்லை."

"வேதத்துல சேந்துட்டியா?"

"இல்லைம்மா."

"பின்ன என்னதான்டி ஆக்குனாங்க உன்னைய? இதுக்கு சிஸ்டராவே ஆக்கியிருக்கலாம். கோயிலுக்கு நேந்து உட்டதா நெனச்சுக்குவேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மதர் சொல்லிக் குடுத்தாங்களா, இப்பிடிப் பேசுன்னு?"

"பேசுன்னு சொல்லலை. ஒருநா கேட்டாங்க. உனக்கு என்ன வேணும்னு."

"அத நான் கேக்கலையா?"

அம்புஜம் யோசித்துப் பார்த்தாள். யோசித்தது முகத்தில் தெரிந்துவிட்டது. பங்காரம்மா எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். எட்டாம் நாள் தம்பி வீட்டுக்குப் போய், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அக்கா தம்பி போக்குவரத்து அன்றோடு நின்றது.

அதற்குப் பிறகும் அந்தக் கல்லூரியை அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. லேபில் நூல் எத்தனை பாரத்துக்கு அறும் என்று அம்புஜம் விளக்கியபோது, "ஆளுங்களுக்கும் அப்பிடி ஒரு மிசினு இருந்தா உங்க மதரத் தொங்க உட்டுப் பாக்கோணும்" என்றாள்.

பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமியின் மகள் மாசாணியம்மாள் 1967இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். அதே கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார்கள். பங்காரம்மா இறந்த மூன்றாம் நாள் ஆறுச்சாமி வந்து, துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"வெள்ளிக்கெழமை உங்கம்மாகிட்டக் கேட்டேனுங்க, அம்மணி. புள்ளைய அங்க சேத்தலாமுங்களான்னு. உடனே குடுத்துராத, திங்கக்கெழமை நானும் வாரேன், மதர்கிட்ட ஒண்ணு கேக்கோணும், கேட்டுப்போட்டுச் சொல்றேன்னாங்க. நாளைக்குக் கடைசி நாளுங்க."

"என்ன கேக்கோணும்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க. உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு வந்தனுங்க."

அம்புஜத்திடமும் சொல்லவில்லை. அலமாரியில் அம்மா திங்கட்கிழமைக்காக எடுத்து வைத்த சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது.