சோதனை பிளாக்கில் சிக்கிய தமிழ்க் குரல்

அந்த அடைப்புக்குறியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர் முடிந்த வருடம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். சுனாமி வருமென்றால் கரையோர வீடுகளுக்குத் தானாகவே போன் எடுத்து எச்சரிக்கும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். சிங்களக் குரலைக் கொழும்பில் பதிவு செய்தார்கள். தமிழ்க் குரல் என்னுடையது.

முதல் ஒத்திகைக்கு முன் அக்காவிடம் போனேன். களுவாஞ்சிக்குடிப் பக்கம், கடற்கரையோரம் இருந்தாள். சுனாமியில் மூத்த மகளைப் பறிகொடுத்தவள். அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலே இளையவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள்.

“சனிக்கிழமை போன் வரும். என்ட குரல்தான். சும்மா பழக்கிறதுக்கு எடுக்கிறது எண்டு சொல்லுவன். பயப்பிடாத அக்கா.”

“உன்ட குரலெண்டா எனக்கென்ன பயம்?” என்றாள்.

சனிக்கிழமை அவளுக்கு வந்தது சிங்களக் குரல். அவளுக்குச் சிங்களம் தெரியாது. சுனாமி என்ற சொல் மட்டும் விளங்கியது. சோதனைச் சாவடியானாலும் ஒலிபெருக்கியானாலும் உத்தரவு சிங்களத்தில் வந்துதான் எங்களுக்குப் பழக்கம். தங்கச்சியின் குரலென்றால் ஒத்திகை, சிங்களமென்றால் உண்மை என்றே எடுத்துக்கொண்டாள். மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி, இராணுவ முகாமின் முள்ளுக்கம்பியில் விழுந்தாள். தொடை கிழிந்தது. பிள்ளையை மட்டும் விடவில்லை.

அன்று பின்னேரம் பில்ட் ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். நிரலைத் தொகுப்பது, சோதிப்பது, குரல்களைச் சேர்த்துப் பொதி செய்வது என்று வேலைகளை ஒழுங்காகச் சொல்லும் கோப்பு அது. மேலாளர் கொழும்பிலிருந்து எழுதியது. ஒவ்வொரு வேலையும் ஒரு நெளிந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும். திறந்த குறி மூடும்வரை உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பிளாக். வரிகளை உள்ளே தள்ளி எழுதுவது நம் கண்ணுக்காக மட்டும். இயந்திரம் அதைச் சட்டை செய்யாது, குறியைத்தான் பார்க்கும். தமிழ்க் குரலைச் சேர்க்கும் வரிகள் ஓரத்தில் தனியாகத்தான் தெரிந்தன. ஆனால் அவற்றுக்கு முன்னால் மூடியிருக்க வேண்டிய சோதனை பிளாக்கின் மூடும் குறி அவற்றுக்குக் கீழே கிடந்தது. தமிழ் சோதனைக்குள்ளேயே அடைபட்டிருந்தது.

சோதனை ஓடிய நாட்களில் தமிழும் கூடவே ஓடியது, அதனால் எவருக்கும் தெரியவில்லை. ஒத்திகையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள் என்ற அவசரத்தில் மேலாளர் அந்த பிளாக்கை நிறுத்திவிட்டு அனுப்பியிருக்கிறார். தமிழும் நின்றுவிட்டது. மிஞ்சிய ஒரே குரல் எல்லா வீட்டுக்கும் பேசியது. இந்த நாட்டில் அவசரமென்றால் முதலில் கழற்றி வைப்பது தமிழைத்தானே!

“ஒரு பிராக்கெட்தானே தங்கச்சி, சரி பண்ணிட்டேன். ஒருத்தரும் சாகலையே” என்றார் போனில். பொய் சொல்லவில்லை, குறியை மேலே நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் அவரிடம் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. சொல்லியும் ஆத்திரம் தீரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா மகனை அணைத்தபடி கிடந்தாள். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“பிழையைத் திருத்தியாச்சு அக்கா. இனி தமிழிலதான் வரும்.”

“பழக்கிறதுக்குத் தமிழில வரும் பிள்ள” என்றாள். “மெய்யாக் கடல் வந்தா ஆரு நமக்குத் தமிழில சொல்லப் போறா?”