முப்பதில் ஒரு கண்டம்

தட்சணாமூர்த்திக்கு மரக்காணம் உப்பளத்தில் இஞ்சின் டிரைவர் வேலை. டிரைவர் என்றதும் ரயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். கழுவெளி உப்பங்கழியின் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றுகிற ஆயில் இஞ்சின் அது. காலையில் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பிவிட்டால் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு இல்லாத இரண்டு சொத்து அவனுக்கு இருந்தது. ஒன்று நிழல், இன்னொன்று சும்மா இருக்கிற நேரம். அந்த மாதிரி நேரம் கிடைத்தவன் சீட்டாடுவான், இல்லையென்றால் தூங்குவான். தட்சணாமூர்த்தி புத்தகம் படித்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் மெலிசாக ஒரு கைரேகைப் புத்தகம் வாங்கினான். அது பிடித்துப்போய், மதராசுக்குக் கார்டு போட்டு வி.பி.பி.யில் தடியாக இன்னொன்றை வரவழைத்தான். இரண்டும் இஞ்சின் கொட்டகையில் மசகு எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

அவன் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் இல்லை. "சோதிச்சுப் பார்த்துத்தான் ஒத்துக்குவேன்" என்பான். மத்தியானச் சோற்று வேளையில் கொட்டகை நிழலுக்கு வருகிறவர்கள் கை நீட்டுவார்கள். முதலில் நடந்து முடிந்ததைச் சொல்லுவான். சரியா தப்பா என்று கேட்பான். சரி என்றால் மார்க் புத்தகத்துக்கு. தப்பு என்றால் தன் கண்ணுக்குப் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். இப்படிப் பரீட்சை வைத்தால் எந்தப் புத்தகம்தான் பெயிலாகும்? போதாக்குறைக்கு, கை நீட்டியவர்கள் எல்லாரும் அவன் கூட வளர்ந்தவர்கள். உப்பு வாருகிற சாலம்மாளின் புருஷன் ஓடிப்போனதை அவள் கையைப் பார்த்துச் சொன்னான். ஊரில் நாய்க்கும் பூனைக்கும் தெரிந்த சங்கதி அது.

ஒன்றுதான் அவனை உறுத்தியது. கட்டைவிரல் மேட்டைச் சுற்றி இறங்குகிற ஆயுள் ரேகை, உப்பளத்தில் பாதிப் பேருக்கு நடுவில் அறுந்திருந்தது. புத்தகக் கணக்குப்படி அது முப்பது வயசு. ஒரு கையில் அறுந்திருந்தால் நோய், இரண்டு கையிலும் அறுந்திருந்தால் உயிருக்கே கண்டம். முப்பதைத் தாண்டினவர்களிடம், "அந்த வயசுல ஏதோ ஒண்ணு வந்து தப்பிச்சிருக்கணுமே?" என்று கேட்பான். அவர்களும் தலையைச் சொறிந்துவிட்டு, "ஆமாம்பா, அப்ப ஒரு காய்ச்சல்ல கெடந்தேன்" என்பார்கள். முப்பது வயசில் ஒரு காய்ச்சல்கூட வராதவனை எந்த உப்பளத்தில் தேடுவது? தட்சணாமூர்த்திக்கு அது தோன்றவில்லை. புத்தகம் இன்னொரு தடவை பாஸ்.

அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனும் தங்கை சுலோசனாவும்தான். அவளுக்கு ஒரு வழி பண்ணாமல் தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்தான். வேலைக் காலத்தில் சுலோசனா அதே உப்பளத்தில் கம்பு மாட்டின பலகை போட்டு உப்பு இழுத்தாள். மழை பிடித்து உப்பளம் மூடினதும் கடற்கரைக் குப்பத்துக்குப் போய், கருவாட்டுக்கு மீன் அறுத்து உப்பு தடவினாள். ஊர்க் கையெல்லாம் பார்த்தவன் அவள் கையை மட்டும் பார்த்ததில்லை. சொந்த ரத்தத்தின் கையைப் பார்க்கக் கூடாது, பாசம் கண்ணை மறைக்கும் என்று தடிப் புத்தகத்தில் போட்டிருந்தது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், சித்திரையில், பலராமன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பெருமுக்கல்காரன். மழைக்கு ஊரில் ஏர் ஓட்டுவான், வெயிலுக்கு உப்பளத்தில் பலகை பிடிக்க வருவான். குடி கிடையாது, அதிர்ந்து பேச மாட்டான். சுலோசனாவுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. அவன் பெயரைச் சொன்னாலே அவளுக்கு அடுப்பங்கரையில் ஏதாவது வேலை வந்துவிடும். பூ வைக்க நாள் குறித்தாயிற்று.

அதற்கு முன்னால் ஒரு மத்தியானம், தட்சணாமூர்த்தி பலராமனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, "கையைக் காட்டுப்பா" என்றான். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்தான். இரண்டிலும் ஆயுள் ரேகை அறுந்திருந்தது. கத்தியால் வெட்டினது மாதிரி, ஒரே இடத்தில்.

பலராமனுக்கு அப்போது இருபத்தாறு.

தட்சணாமூர்த்தியின் மனசில் அம்மாதான் வந்து நின்றாள். சின்ன வயசிலேயே தாலியறுத்தவள். வெள்ளைப் புடவையோடு கல்யாண வீடுகளில் கொல்லைப் பக்கமே நின்று பழகினவள். தங்கையையும் அப்படி நிற்கவைக்க அவனுக்கு நெஞ்சில் தெம்பில்லை. பெருமுக்கலுக்குப் போய், காரணத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு வந்தான். மறைத்திருந்தாலாவது புண்ணியமாகப் போயிருக்கும்.

சுலோசனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "புஸ்தகத்துல போட்டிருந்தா நடந்துடுமாண்ணா?"

"இத்தனை பேர் கையில சரியா இருந்துச்சேம்மா" என்றான் அவன். அவள் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பாத்தியும் வரப்பும் ஒன்றாகக் கிடந்தன. இஞ்சினுக்குக் கோணி சுற்றி வைத்துவிட்டு, கார்த்திகை தீபத்துக்குப் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போனான். பலராமன் கண்ணில் படாமல் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தான். மலையில் தீபத்துக்கு எண்ணெய் சுமந்து ஏறினவர்கள் கை கழுவ வரிசையாக நின்றார்கள். "சும்மா நிக்கறியேப்பா, தண்ணி ஊத்து" என்று யாரோ அவனிடம் செம்பைக் கொடுத்தார்கள். ஊற்றிக்கொண்டே வந்தான். விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஜோடிக் கை நீண்டது. சீயக்காயைத் தேய்த்துக் கழுவக் கழுவ, உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தது. ஆயுள் ரேகை மேலிருந்து மணிக்கட்டு வரைக்கும் முழுசாக ஓடியது. இரண்டு கையிலும் அப்படித்தான். யார் கை இது என்று நிமிர்ந்தான். பலராமன்.

செம்பில் தண்ணீர் தீர்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. பலராமன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகர்ந்தான்.

கீழே இறங்குகிறபோதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. உப்பு இழுக்கிற பலகையின் கம்பு எங்கே அழுத்தும்? கட்டைவிரல் மேட்டின் ஓரத்தில். அங்கே தோல் காய்த்து வெடிக்கும். வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறினால் வேலைக் காலம் முழுக்க ஆறாது. மழை வந்து உப்பை விட்டால்தான் மூடும். உப்பளத்தில் பாதிப் பேருக்கு முப்பதில் கண்டம் என்றானே, அந்தப் பாதிப் பேர் யார்? பலகை பிடிக்கிறவர்கள். கரையில் கணக்கு எழுதுகிறவர் கையில் அறுபடாத கோடு ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தானா? இஞ்சின் கைப்பிடியைத் தவிர ஒன்றையும் தொடாத தன் கையில்கூடத்தான் அந்தக் கோடு முழுசாக இருந்தது. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சுலோசனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். "நாளைக்கே போய் அவங்க கால்ல விழுந்தாவது கேக்கறேன்" என்றான். அவள் குப்பத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "நானும் வர்றேன்" என்றாள்.

"பொண்ணு போவறது மொறை இல்லம்மா."

"மொறைப்படி நீ ஒரு தபா போயிட்டு வந்தியேண்ணா."

மறுநாள் இரண்டு பேரும் பெருமுக்கலுக்கு பஸ் ஏறினார்கள்.

பலராமனின் அம்மா லட்சுமியம்மாள் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. தட்சணாமூர்த்தி சொன்னதை நின்றபடியே கேட்டாள். "அப்ப கோடு அறுந்திருக்குதுன்ன. இப்ப ஒட்டிக்கிச்சுங்கற. மாசியில உப்பளத்துக்குப் போனா மறுபடியும் அறுந்துடுமே, அப்ப இன்னா சொல்லுவ? உன் பேச்சு ஊரெல்லாம் பரவி ஒருத்தனும் எம்புள்ளைக்குப் பொண்ணு தர மாட்டேங்கறான். அது போவட்டும். இவனே இப்ப வேணாங்கறான். நாலு வருஷத்துல போறவனுக்கு எதுக்கு ஒருத்திய மொட்டைக் கழுத்தா ஆக்கணும்ங்கறான்."

பலராமன் மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தலை குனிந்து நின்றான். "புஸ்தகத்துல தப்பா போடுவாங்களாண்ணா?" என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அவன் நம்பிவிட்டிருந்தான். அதுதான் தட்சணாமூர்த்தியால் தாங்க முடியாமல் போயிற்று.

சுலோசனா அண்ணனைத் தாண்டிப் போய், பலராமன் முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். மழைக்காலத்திலும் மீனுக்கு உப்பு தடவுகிற கை. வெடிப்பு ஒன்றுகூட மூடியிருக்கவில்லை. கட்டைவிரல் மேட்டோரத்தில் இரண்டு கையிலும் ரத்தம் கட்டிக் கறுத்துப் பிளந்திருந்தது.

"நல்லாப் பாரு. எனக்கும் ரெண்டு கையிலயும் அறுந்திருக்குது. எங்க அண்ணன் புஸ்தகப்படி நானும் முப்பதுதான்" என்றாள். "இதுக்கு மேல என்னா பொருத்தம் பாக்கணும்?"

பலராமன் அந்தக் கைகளையே பார்த்தான். பிறகு, மாதக்கணக்காகச் சிரிக்காதவன், வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்கும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.

லட்சுமியம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். சுலோசனாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, வெடிப்பில் எண்ணெயை மெதுவாகத் தடவினாள். அவள் வலியில் பல்லைக் கடித்தாள்.

"ஏம்பா," என்றாள் லட்சுமியம்மாள், தட்சணாமூர்த்தியை நிமிர்ந்து பார்க்காமலே, "ஊர்க் கையெல்லாம் பார்த்தியே. தெனமும் உனக்குச் சோறு போடற கைய ஒரு நாளாச்சும் பார்த்தியா?"

அவன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்ல அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை.