எண்ணெய்க்குக் கிணறு தேடிய தில்லையம்பலத்தார்

சென்ற மாதம் ஒரு பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பரமேஸ் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இவர் செத்துப்போனார்" என்றார். என்ன வருத்தம் வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பழைய பழக்கத்தில், "எங்கை வைச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"வீட்டிலை, கட்டிலிலை வைச்சு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தவர்."

துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் யுத்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்பத்திரண்டு வயது, சொந்தக் கட்டில், மருத்துவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்ட இயற்கை மரணம். எங்கள் காலத்துத் தமிழர் ஒருவருக்குக் கொழும்பில் இவை மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் அதைச் சாதனை என்றே சொல்ல வேண்டும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்கா கேட்டார். இத்தகைய மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் அமைதியானவர்கள், அதிர்ந்து பேசாதவர்கள். அக்காவின் கணவர் தில்லையம்பலத்தாரை அறிந்தவர்கள்தான் இதை வாசிக்கப் போகிறார்கள் என்பதால் அந்தப் பொய்யைத் தவிர்க்கிறேன். அவர் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் முப்பது வருடம் ஆவணங்கள் பார்த்த எழுதுவினைஞர். நான் அவருடைய வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். புதுக்கடை நீதிமன்றங்களில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக வேலை. யாராவது ஒரு தகவலைச் சொன்னால், "ஆர் சொன்னது?" என்று அவர் கேட்பார். இந்தக் கேள்வியால் அவர் இழந்த நண்பர்கள் பலர்.

நானும் அவரும் முதன்முதலில் நீண்ட நேரம் கதைத்தது மண்ணெண்ணெய் வரிசையில். ஒரு தட்டுப்பாட்டுக் காலம். கையில் கலனோடு நின்ற ஒருவர், எண்ணெய் எல்லாம் சவூதியிலிருந்து வருகிறது, அவர்கள்தான் விலையை ஏற்றுகிறார்கள் என்றார். தில்லையம்பலத்தார் திரும்பி, ஆர் சொன்னது என்று கேட்டார். கப்பல் பத்திரங்களில் சிங்கப்பூர் என்றுதான் இருக்கிறது என்றும், பத்திரத்தை நம்புகிறவன் மடையன் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். கலன்காரர் குழம்பிப்போய், அப்படியென்றால் சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு இருக்கிறதா என்று கேட்டார்.

"அங்கை கிணறு கிண்டுறதெண்டா முதல் தண்ணிக்கெல்லோ கிண்டியிருப்பினம்" என்றார் தில்லையம்பலத்தார்.

பிறகு விளக்கினார். எண்ணெய் ஒரு நாட்டில் கிணற்றிலிருந்து வரும். இன்னொரு நாட்டில் சுத்திகரிக்கப்படும். மூன்றாவது நாட்டில் ஒரு தாங்கியில் நாலு நாட்டு எண்ணெயோடு கலக்கும். அங்கே புதுப் பத்திரம் எழுதுவார்கள். கடைசியாகக் கப்பலில் ஏற்றிய துறைமுகம் எதுவோ அதுவே அதன் பிறந்த ஊர் ஆகிவிடும். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது எண்ணெய் முடிந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதற்கென்று அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. பத்திரிகைகளில் வரும் கப்பல் வருகைகளைப் பார்த்து, எண்ணெய்க் கப்பல்களை மட்டும் அதில் எழுதுவார். கப்பலின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று நிரல்கள்: ஏற்றிய துறைமுகம், கலந்த இடம், கிணறு. துறைமுகத்தில் மாலுமிகளோடு கதைத்தும், பழைய சஞ்சிகைகளைப் புரட்டியும் இரண்டாவது நிரலை ஒருவாறு நிரப்புவார். மூன்றாவது நிரலில் பெரும்பாலும் கேள்விக்குறிதான். கந்தோரில் அவருக்கு இருந்த பழக்கம் இது: கையில் ஆதாரம் வரும்வரை ஒரு கட்டத்தையும் நிரப்பமாட்டார். மேலதிகாரி ஏசினாலும், கப்பல் காத்து நின்றாலும் நிரப்பமாட்டார்.

எதற்கு இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய தமக்கையார் அப்போது சாவகச்சேரியில் இருந்தார். வடக்கே மண்ணெண்ணெய் போக அரசாங்கத் தடை. போத்தல் விளக்குக்குத் திரியை மெலிதாக்கி எரிப்பதாகத் தமக்கை எழுதியிருந்தார். தில்லையம்பலத்தார் அந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டு மடித்து வைத்தார். அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன்: எண்ணெய் எங்கேயிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல ஒருவரும் இல்லாத நாட்டில், அது எங்கே போகக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கொலன்னாவையில் புலிகளின் தாக்குதலில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து, அந்தப் புகையை நாங்கள் மொட்டைமாடியில் நின்று பார்த்ததற்குச் சில வாரங்களின் பின், ஒரு காலை பொலிசார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அடையாள அட்டைகள், பொலிஸ் பதிவுப் பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு தில்லையம்பலத்தாரின் மேசை லாச்சியைத் திறந்தார்கள். தமிழில் எழுதிய ஒரு கொப்பி. பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கப்பல்களின் பெயர்கள், வரும் நாட்கள், கேள்விக்குறிகள். அவரைச் சட்டையை மாற்றவும் விடாமல் கொண்டுபோனார்கள்.

பொலிஸ் நிலையத்தில் அன்று தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பரமேஸ் அக்கா சாப்பாட்டுப் பார்சலோடு வாசலில் போய் நின்று, எங்கள் வீட்டு மாடியில் அரசாங்க முத்திரை உள்ள மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் என்னை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். சந்தேகநபரின் கூரைக்குக் கீழே இருக்கிறவன் அவருடைய கொப்பியை மொழிபெயர்க்கலாமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முத்திரை இருந்தது, போதும்.

இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையானவர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேள்விக்குறிகளைப் பேனையால் தொட்டுக் காட்டி, இவை இன்னும் முடிவு செய்யாத இலக்குகளா என்று கேட்டார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் தடுப்புக் காவல் உத்தரவுக்கு எழுதுவதாகவும் சொன்னார். அந்த உத்தரவோடு பூசா தடுப்பு முகாமுக்குப் போனவர்கள் எப்போது திரும்பினார்கள் என்பதை நான் புதுக்கடையில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன்.

அவர் தொலைபேசியில் கதைக்க அடுத்த அறைக்குப் போன இடைவெளியில், எதிரே இருத்தியிருந்த தில்லையம்பலத்தாரிடம் நான் கெஞ்சினேன்.

"அண்ணை, ஏதாவது ஒரு நாட்டைச் சொல்லுங்கோவன்."

"எந்த நாட்டை?"

"எந்த நாடெண்டாலும் பரவாயில்லை."

"அப்ப என்னை விடுவிக்க நீர் ஒரு நாட்டிலை பொய்க்கிணறு கிண்டச் சொல்லுறீர்."

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து அவரை உள்ளே அனுப்பியதும், வழமையான நாட்டைக் கப்பல் கந்தோர்களில் சுருக்கமாக இப்படிக் குறிப்பது வழக்கம் என்று சொன்னேன், அதையே மொழிபெயர்ப்பின் மேலே குறிப்பாகவும் எழுதினேன். என் சிங்கள மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் ஒரு நாட்டின் பெயரைத் தட்டச்சில் தட்டினேன். ஒரே நாடாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஈரான், குவைத், சவூதி என மூன்றுக்கும் பாரபட்சமின்றிப் பகிர்ந்தளித்தேன். கீழே முத்திரை குத்தினேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்தே செய்த பொய் மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை அதில் கையெழுத்திட அவரை அழைத்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்தவருக்குச் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரியும் என்பதை நான் மறந்திருந்தேன். மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பிறகு பேனையைக் கீழே வைத்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை இங்கே அவருடைய தமிழிலேயே தருகிறேன்; இந்த முறை மொழிபெயர்ப்பில் பிழை இல்லை.

"சேர், இதிலை பிழை இருக்கு. இவர் சொல்லுற வழக்கம் ஒண்டும் கப்பல் கந்தோரிலை இல்லை. கேள்விக்குறி எண்டா எனக்குத் தெரியாது எண்டு அர்த்தம்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் தில்லையம்பலத்தார் பதில் சொன்னார்.

"பயத்திலை எழுதினவர். பயத்திலை எண்ணெய் ஊறாது, சேர்."

இன்ஸ்பெக்டர் கொப்பியையும் என் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தன்னைக் காப்பாற்ற எழுதிய பொய்யைத் தானே காட்டிக்கொடுக்கும் சந்தேகநபரை அவர் அதுவரை சந்தித்திருக்கமாட்டார். பிறகு தொலைபேசியை எடுத்து, எண்ணெய் விவகாரம் தெரிந்த ஒரு கந்தோருக்கு அழைத்தார். அண்மையில் வந்த கப்பலின் எண்ணெய் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். முதலில் எடுத்தவர் சிங்கப்பூர் என்றார். அது கப்பல் வந்த இடம், எண்ணெய் எங்கே பிறந்தது என்று கேட்டதும் இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் மத்திய கிழக்கு என்றார். மத்திய கிழக்கில் எங்கே என்று கேட்டபோது மூன்றாமவரிடம் கொடுத்தார். மூன்றாமவர் நேர்மையானவர். அது இங்கே ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தவர் யாரும் உங்களிடம் இருந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார்.

இன்ஸ்பெக்டர் தொலைபேசியை வைத்தார். என் மொழிபெயர்ப்பை இரண்டாகக் கிழித்து, கேள்விக்குறிகளோடு திரும்பத் தட்டச் சொன்னார். தட்டினேன். அதில் தில்லையம்பலத்தார் கையெழுத்திட்டார். கொப்பி பொலிசாரிடமே இருக்கும் என்ற நிபந்தனையோடு அன்று பின்னேரமே விட்டார்கள். போகும்போது இன்ஸ்பெக்டர், "அங்கிள், வேறு பொழுதுபோக்கு ஏதாவது பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் மூன்று நாளாக மர வாங்கில் உட்கார்ந்திருந்த பரமேஸ் அக்கா எழும்பி, கணவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "உந்தச் சட்டையோடையே இருந்தனீங்கள்?" என்று கேட்டார். அவ்வளவுதான். நாங்கள் காலி வீதி வழியாக நடந்தோம். கடல் காற்று அடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உள்ளை எத்தினை தரம் சொந்த இடம் எது எண்டு கேட்டவங்கள் தெரியுமே?" என்றார் தில்லையம்பலத்தார். "வெள்ளவத்தை எண்டு சொல்லச் சொல்ல, இல்லை, உண்மையாச் சொல்லு எண்டாங்கள். எண்ணெய் மூண்டு நாள் சிங்கப்பூரிலை நிண்டா சிங்கப்பூர் எண்ணெய். நான் இஞ்சை வந்து முப்பது வருசம்."

கொஞ்சத் தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஈரானுக்கெல்லாம் கீழை உம்மடை முத்திரையைக் குத்தினனீரோ?"

"ஓம் அண்ணை."

"இனிக் குத்தாதையும்."

அதன் பிறகு ஒரு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. வாடகையைக்கூட அக்காதான் வாங்கினார்.

இதற்குப் பிறகும் நான் புதுக்கடையில் பல வருடம் வேலை செய்தேன். அந்த வருடங்களில் என் கைக்கு வந்த தமிழ் வாக்குமூலங்கள் பலவற்றில் மை பரவியிருக்கும், அல்லது எழுதியவர் கை நடுங்கியிருக்கும். ஒரு சொல்லை இப்படி வாசித்தால் ஒருவர் வீட்டுக்குப் போவார், அப்படி வாசித்தால் உள்ளே போவார். இரண்டு தரப்புச் சட்டத்தரணிகளும் தங்களுக்கு வேண்டிய சொல்லை என் காதில் போடுவார்கள். நான் அந்த இடத்தில், "வாசிக்க முடியவில்லை" என்று எழுதி முத்திரை குத்துவேன். இதற்காக நாலு நீதிபதிகள் திறந்த மன்றில் என்னை ஏசியிருக்கிறார்கள். ஒருவர், இதற்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர் என்று கேட்டார். ஆனால் ஒருவரும் முத்திரையைப் பறிக்கவில்லை. என் மொழிபெயர்ப்பால் ஒருவரும் செய்யாததற்காக உள்ளே போனதாகவும் எனக்குத் தெரியாது. தில்லையம்பலத்தாரிடமிருந்து எனக்குச் சொத்தாக வந்தவை அந்த நாலு ஏச்சுகள். ஒன்றையும் நான் தொலைக்கவில்லை.