எல்லையம்மாள் விட்ட நாலடி

திருவிடைமருதூருக்குக் கிழக்கே, கோயில் கட்டளை நிலத்தில் எல்லையம்மாளுக்கு முக்கால் ஏக்கர் குத்தகை. அவள் புருஷன் இராஜாங்கம் குத்தகை விவசாயிகள் போராட்டத்தில் கொடி பிடித்து, அடிபட்டு, பதினேழு நாள் ஜெயிலில் கிடந்து வாங்கிய சாகுபடி உரிமை அது. அவன் இறந்த பிறகு குறுவையும் சம்பாவும் அவள் கையால்தான் விளைந்தன.

தொண்ணூறுகளில் வயலை ஒட்டி ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தது. வாசல் இருந்ததோ குறுகலான தார்ச்சாலையில். காலை எட்டரைக்கு வேன், ஆட்டோ, மொபெட், நெல் லாரி எல்லாம் அங்கே சிக்கிக்கொண்டு நிற்கும். தொண்ணூற்றேழு ஆடியில், ரிவர்ஸ் எடுத்த வேன் ஒன்று இரண்டாம் வகுப்பு மலர்கொடியின் காலில் ஏறிவிட்டது. நாற்றுமுடியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கியவள் எல்லையம்மாள்தான்.

மறுவாரம் பள்ளித் தாளாளர் தியாகேசன் வந்தார்.

“வரப்ப ஒட்டி நாலடி விட்டீங்கன்னா, நடந்து வர்ற புள்ளைங்க பின்பக்கமா வந்துடும். வாசல்ல பாதி நெரிசல் கொறஞ்சிடும்மா.”

“நடக்குற புள்ளைங்கதானே? வண்டி வரக் கூடாது சார்.”

“சத்தியமா வராது.”

அவள் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் பிள்ளைகள் வரிசையாக நடந்து போனார்கள். வாசலில் நெரிசலும் தணிந்தது. மூன்றாம் வருஷம், கோடை விடுமுறையில் யாரோ அந்தப் பாதையில் கப்பிக் கல் கொட்டினார்கள். ஜூன் மாதம் ஆட்டோ வந்தது, பிறகு வேன். நாலடி பன்னிரண்டு அடியானது. குறுக்கே போய் நின்றவளைப் பார்த்து ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் கத்தினார்: “புள்ளைக்குப் பரீட்சை, தள்ளு கெழவி!”

கட்டளையின் ஏஜெண்ட் நீலமேகத்திடம் முறையிடப் போனாள்.

“நீங்களாத்தானே வழி விட்டீங்க? சாகுபடி இல்ல, பாதைன்னு கிராமக் கணக்கு அடங்கல்ல எழுதியாச்சு. இனிமே ஒங்களுக்குக் குத்தகை கெடையாது.”

“மீதி பூரா பயிரு நிக்குதேய்யா!”

“பேப்பர்ல நிக்கலியே.”

அவள் போட்ட வழக்கு ஐந்து வருஷம் நடந்தது. நடுவில் ஆட்சி மாறியது. ஓட்டுக் கேட்டு வந்த இரண்டு கட்சிக்காரர்களும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சாட்சி சொல்ல, இராஜாங்கத்தோடு ஜெயிலுக்குப் போனவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அவருக்குக் கண் தெரியவில்லை. தீர்ப்பு அவளுக்கு எதிராகவே வந்தது. வயலில் மண்ணடித்துப் பள்ளிக்கூட வண்டிகள் நிற்க இடம் போட்டார்கள்.

தியாகேசன் ஆள் அனுப்பாமல் தானே வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“காலையிலயும் சாயங்காலமும் நின்னு வண்டிய ஒழுங்குபடுத்தி விடுங்கம்மா. ஆயா வேலை போட்டுத் தரேன்.”

“என் வயல்ல நின்னு வண்டிக்குக் கை காட்டச் சொல்றீங்களா சார்?”



மறுநாளே ஆடுதுறைப் பக்கம் கூலி நடவுக்குக் கிளம்பினாள். வயது அறுபத்து மூன்று. மூன்றாம் நாள் இடுப்பு நிமிரவில்லை. யாருடையதோ வரப்பில் உட்கார்ந்து, அத்தனை வருஷமாக அழாததையும் சேர்த்து அழுதாள். கூட நடவுக்கு வந்த அம்சம் என்பவள் எல்லையம்மாளின் நாற்றுமுடியையும் பிரித்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.